வேன் அண்ணனின் வலது கால்

என் நாத்தனார் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள், அதுவும் வலது காலை. முதல் தடவை வருகிறவர்கள் செருப்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். எதுவும் ஒட்டியிருக்காது. அவள் தொழில் அப்படி.

டீசல் வண்டிகளின் எஞ்சினை ரீமேப் செய்கிறவள் அவள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடம்தான் பட்டறை. பட்டறை என்றதும் கிரீஸும் ஸ்பானரும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு நீள ஒயர், பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க ஒரு சார்ஜர், அவ்வளவுதான். தலைக்கு மேலே என் துணிக்கொடி. என் வீட்டுக்காரரின் ஈர லுங்கிக்குக் கீழே நின்றுதான் பெரிய பெரிய வண்டிகளெல்லாம் பலம் வாங்கிக்கொண்டு போகின்றன. தெருவில் அவளுக்குப் பெயர் லேப்டாப். "லேப்டாப் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, உட்காருங்கள் என்பேன்.

ஆரம்பத்தில் இது ஏமாற்று வேலை என்றுதான் எனக்குத் தோன்றியது. வண்டி வரும், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகுவாள், பானெட்டைக்கூடத் திறக்க மாட்டாள். ஒரு மணி நேரம் தட்டச்சு அடித்துவிட்டு, வண்டிக்குப் பலம் வந்துவிட்டது, ஓட்டிப் பாருங்கள் என்பாள். அவர்களும் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கோயில் யானையைத் தொட்டுவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி முகத்தோடு இறங்குவார்கள்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஒரு போல்ட்டக்கூடத் தொடாம எப்படிடி பலம் வரும்?"

"அண்ணி, இப்ப நம்ம குக்கர்ல..." என்று ஆரம்பித்தாள்.

"அடுப்படிய வச்சு எனக்கு வெளக்காத. காத்துன்னா என்ன, டீசல்னா என்னன்னு எனக்குத் தெரியும். நேராச் சொல்லு."

நேராகச் சொன்னாள். எஞ்சினுக்கு ஒரு மூளை இருக்கிறது. அதற்குள்ளே ஒரு அட்டவணை. கால் எவ்வளவு அழுத்துகிறது, எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, காற்று எவ்வளவு வருகிறது என்று பார்த்து, இந்த நொடிக்கு இவ்வளவு டீசல் என்று அந்த அட்டவணைதான் அளந்து விடும். கம்பெனிக்காரன் அதை ஊருக்கெல்லாம் சேர்த்துப் பொதுவாக எழுதி வைத்திருக்கிறான். கலப்பட டீசல் ஊற்றுகிறவன், எண்ணெயே மாற்றாதவன், வெயிலில் ஓட்டுகிறவன், பனியில் ஓட்டுகிறவன் எல்லாருக்கும் ஒரே சட்டை. யாருக்கும் கிழியாமல் இருக்கத் தொளதொளவென்று தைத்திருக்கிறான். சில சமயம் அதே இரும்பு, அதே எஞ்சினை, விலைக்குத் தகுந்த மாதிரி அட்டவணையை மட்டும் மாற்றி, ஒன்றைப் பலசாலி என்றும் இன்னொன்றைச் சாது என்றும் விற்பதும் உண்டாம். இவள் அந்த அட்டவணையை வெளியே எடுத்து, இந்த ஆளுக்கு, இந்த ரோட்டுக்கு என்று, இரும்பு தாங்குகிற எல்லைக்குள் திருத்தி எழுதுகிறாள். பழையதையும் பத்திரமாக வைத்துக்கொள்வாள். பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போட்டுவிடலாம்.

"அப்ப நம்ம காருக்குள்ள தூங்குற பலம் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு அண்ணி. நல்லாத் தூங்குது."

நான் வாசலுக்குப் போய் எங்கள் காரை நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் காய்கறி மூட்டையை ஏற்றி இறக்கி, கதவைக் காலால் உதைத்துச் சாத்தியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று சத்தம் காட்டாமல் படுத்திருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே. உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் அதே கண்ணால் ஒரு பார்வை பார்த்தேன். அவரிடம் அப்படி எதுவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வேலைக்கு நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சீரியல் எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் டீசல் மிச்சமாக வேண்டும் என்று வருவார்கள். படகை டிரெய்லரில் கட்டி இழுக்கிறவர், கியரை மாற்றி மாற்றிக் கை வலிக்கிறது என்று வந்தார். ஒரு நர்ஸம்மா, லாரியை முந்தும்போது நடுரோட்டில் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது, அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது என்றார். அது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ தூங்கி எழுகிற நேரமாம். ஒருவர் வந்து மென்று விழுங்கினார். கடைசியில் பார்த்தால், அவருடைய சகலை அதே காரில் ஒரு படி பெரியதை வாங்கிவிட்டான். மாமனார் வீட்டு வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, மனசு கேட்கவில்லை. அவருக்கும் செய்து கொடுத்தாள். அதுவும் ஒரு பாரம்தானே, இழுக்கணும்தானே என்றாள். புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கறுப்பாகப் புகை கக்கும்படி செய்யுங்கள் என்று வந்தவனை மட்டும், புகை வேண்டும் என்றால் சிகரெட் வாங்கிக்கொள், ஊர் மூக்கில் விடாதே என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு முறை அவளுக்கே சம்பந்தம் பேச வந்தவரின் காரையும் ரீமேப் செய்து அனுப்பினாள். கல்யாணம் நடக்கவில்லை. கார் நன்றாக ஓடுகிறதாம்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், வந்தவர் தினமும் போகிற ரோட்டில் அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவாள். ரோட்டைப் பார்க்க மாட்டாள். வலது காலைப் பார்ப்பாள். எங்கே அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே கோபப்படுகிறது என்று. கார் ஒன்றுதான், கால் ஆளுக்கு ஒன்று என்பாள். அந்த வழக்கத்தில்தான் ஒரு தடவை சறுக்கினாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அண்ணனை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நெடுநெடுவென்று இருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு செங்குத்தான மேடு, அந்த மேட்டுக்குச் சரியாகப் பாதியில் புதிதாக ஒரு சிக்னல். எந்தப் புண்ணியவான் அங்கே வைத்தானோ. சிவப்பு விழுந்தால் வேன் நிற்க வேண்டும், பச்சை விழுந்ததும் பிள்ளைகள் பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். ஒரு நாள் வேன் அங்கே திணறி அணைந்துபோய்ப் பின்னால் நகர்ந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றவர்கள் பள்ளியில் போய்ச் சொல்ல, வேன் அண்ணன் நேராக இவளிடம் வந்தார். மெக்கானிக் பார்த்துவிட்டார், கிளட்ச் நன்றாக இருக்கிறது, எஞ்சினில் குறையில்லை, ஆனால் அந்த இடத்தில் மட்டும் செத்துப்போகிறது என்றார்.

இவள் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் ஏறப் போனாள். பிள்ளைகள் இருக்கும்போது வெளியாள் ஏறக் கூடாது என்பது பள்ளியின் விதி. அதனால் விடுமுறை நாளில் காலி வேனில் போனார்கள். காலைப் பார்த்தாள், அட்டவணையைத் திருத்தினாள், மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார்கள். நூல் பிடித்த பட்டம் மாதிரி ஏறியது. வேன் அண்ணன் கும்பிடாத குறை.

பள்ளி திறந்த அன்றைக்கே வேன் அதே சிக்னலில் மறுபடியும் அணைந்தது. இந்தத் தடவை பின்னால் நின்ற காரின் மூக்குக்கு ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்து நிறுத்தினார். பிள்ளைகள் அலறியது கடைத்தெரு வரைக்கும் கேட்டதாம். தலைமை ஆசிரியை கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். வருகிற திங்கட்கிழமை நானே முன் சீட்டில் உட்கார்ந்து வருவேன், வேன் ஏறினால் நீங்கள் ஓட்டலாம், ஏறவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது ஊரார் பிள்ளைகள்.

வேன் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"உங்க மேல தப்பில்ல தங்கச்சி. எனக்குத்தான் வயசாகுது போல" என்றார்.

அவர் போன பிறகு இவள் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் பிடுங்கி வைத்துவிட்டேன். அந்த மனுஷனுக்கு அந்த வேனை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது. தெருவில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் விழுந்தது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை வேன் நின்றுபோனால் அவரும் நின்றுபோவார், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில், பாரம்தான் காரணமாக இருக்கும் என்று முடிவுகட்டி, வேன் நிறையத் தண்ணீர் கேன்களை அடுக்கினாள். வேன் ஏறியது. இன்னும் நாலு கேன் போட்டாள். அப்போதும் ஏறியது. இறங்கி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஏறுது அண்ணி, நல்லா ஏறுது, அப்புறம் ஏன் நிக்குது என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா?

"தண்ணி கேன் பேசாம உக்காந்திருக்கும். பிள்ளைங்க உக்காருமா? ஆடுற பாரம், பேசுற பாரம் ஏத்திப் பாரு" என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னதுதான். அவள் பிடித்துக்கொண்டாள்.

நான் தெருவில் இறங்கினேன். கூப்பிட்டால் வருகிற பொம்பளைகள் எங்கள் தெருவில் நிறைய. எங்கே, எதற்கு என்பதெல்லாம் வேனில் ஏறிய பிறகுதான் கேட்பார்கள். இவள் போகிற போக்கில் ஒவ்வொருவரிடமும் எடை எவ்வளவு என்று கேட்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். கல்யாணத்தன்று இருந்த எடையை ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி மிஷின் ரிப்பேர் என்றாள். எதிர்வீட்டம்மா மட்டும் படியில் ஒரு காலை வைத்து வேனைச் சாய்த்துக்கொண்டே, "நான் ஒருத்தி ஏறுனா மூணு பிள்ளைங்க கணக்கு வந்துடும். எதுக்கு இத்தன பேரக் கூப்பிட்ட?" என்றார். மூன்றாம் வீட்டுத் தையற்காரி, கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து ஏறினாள்.

இவள் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து ஒயரைச் செருகினாள். நான் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு. வேன் அண்ணனின் கால் அழுத்தினால் கோடு எழும்பும், எடுத்தால் படுக்கும். மேட்டில் சிவப்பில் நின்றோம். உள்ளே ஒரே கூச்சல். எதிர்வீட்டம்மா தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்திருந்தார். பச்சை விழுந்ததும் கோடு பாதிக்கு மேல் எழுந்தது, வேன் கும்மென்று ஏறியது. ஒரு திணறல் கிடையாது.

திரும்பித் தெருமுனைக்கு வந்தால் தையற்காரியின் புருஷன் நிற்கிறார். சூடான பாத்திரத்தைப் பிடித்த மாதிரிக் குழந்தையை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்திருக்கிறார். அது தொண்டை கிழிய அழுகிறது. இந்தா புடி என்று ஜன்னல் வழியாகவே கொடுக்கப் போனார். அவள் கீழே இறங்கி வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அப்படியே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டாள். தாய் வாசனை பட்டதும் அது அடங்கித் தூங்கிப்போயிற்று. இன்னொரு தரம் போய்விட்டு வந்துவிடுவோம் என்றாள் நாத்தனார்.

மறுபடியும் அதே மேடு, அதே பொம்பளைகள், அதே மருமகள் கதை. சிவப்பில் நின்றோம். வேன் அண்ணன் கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். பச்சை விழுந்தது.

கோடு எழவில்லை.

நான் என் கண்ணால் பார்த்தேன். கால்வாசிகூட எழவில்லை, நடுங்கிக்கொண்டு நின்றது. வேன் உறுமத் தெரியாமல் முனகியது, ஒரு குலுக்கல், எஞ்சின் அணைந்தது. அவர் உடனே பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். பின்னால் மருமகள் கதை பாதியில் நின்றது. தூங்குகிற குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. நாத்தனார் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, குழந்தை ஏறுனா உங்க கால் பாதியாயிடுது" என்றாள், மெதுவாக.

அவரும் குனிந்து பார்த்தார், வேறு யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரி.

"எனக்குத் தெரியவே இல்லயே தங்கச்சி. நான் எப்பவும் போலத்தான அமுத்துனேன்."

பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. பல வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி, குலுங்கக் கூடாது, குதிக்கக் கூடாது, ஒரு தலைகூட முன் சீட்டில் இடிக்கக் கூடாது என்று அந்தக் கால் தானாகவே பழகிவிட்டிருக்கிறது. அவர் மனசைக்கூடக் கேட்காமல் அது பாட்டுக்கு மெத்தென்று ஆகிவிடுகிறது. டீசல் எஞ்சினோ அவ்வளவு லேசாகத் தொட்டால் எழுந்திருக்காது, டர்போ கண்ணே திறக்காது. இவள் காலி வேனில் பார்த்தது வேறு கால். அதற்குத்தான் அட்டவணை எழுதியிருக்கிறாள். ஒரு மனுஷனின் நல்ல குணம், அவருக்கே தெரியாமல், ஒரு பச்சைக் கோடாகத் திரையில் நடுங்குவதை வேறு எங்கே பார்ப்பது?

எதிர்வீட்டம்மாவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. "அப்ப நல்லா அமுத்தச் சொல்லு. முடிஞ்சுது வேல."

இவள் திரும்பினாள். அவளிடம் அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "அந்தக் கால மாத்தக் கூடாதும்மா. பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறதுக்கு அந்தக் கால்தான் வேணும். வண்டிய மாத்துறேன்."

எதிர்வீட்டம்மா நகர்ந்து உட்கார்ந்து, தையற்காரி குழந்தையைச் சாய்த்துப் பிடிக்க இடம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீழ்த்தளத்தை விட்டு அவள் நகரவில்லை. நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன், இந்தத் தடவை சாப்பிட்டாள். லேசாகத் தொட்டாலே எஞ்சின் எழுந்துகொள்கிற மாதிரி எழுத வேண்டும், ஆனால் துள்ளக் கூடாது, துள்ளினால் பிள்ளைகள் மண்டை இடிக்கும் என்றாள். காற்று இருக்கிற அளவுக்குத்தான் டீசல், அதற்கு மேல் விட்டால் கறும்புகை. டர்போவைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பிவிட வேண்டும், அதட்டாமல். அவள் சொல்லச் சொல்ல, திரையில் எண்களாக நிறைந்து கிடந்த கட்டங்களை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக எழுதின அட்டவணையில், ஒரே ஒரு பயந்த காலுக்கு அவள் இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். தையற்காரியைக் குழந்தையோடு வரவழைத்து ஏற்றிப் பார்ப்பதும், திரும்பி வந்து எண்ணை மாற்றுவதும், மறுபடியும் போவதுமாகப் பொழுது சாய்ந்தது. அந்தக் குழந்தை அன்றைக்குத் தூங்கின தூக்கத்தை அது பிறந்ததிலிருந்து தூங்கவில்லை என்று தையற்காரி சொன்னாள். தினமும் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. சிக்னலுக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடை வாசலில் நின்றேன். நாத்தனாரைக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

வேன் வந்தது. நல்ல நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்தது. முன் சீட்டில் தலைமை ஆசிரியை, மடியில் கைப்பை, முகத்தில் பரீட்சை. பின்னால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் மூக்கை ஒட்டிக்கொண்டு எனக்குக் கையாட்டின. வேன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார். பார்க்கிறார், கால் மெத்தென்று ஆகப் போகிறது என்று நினைத்தேன்.

பச்சை விழுந்தது. வேன் ஏறியது.

அவ்வளவுதான். உறுமல் இல்லை, உதறல் இல்லை. தொட்டிலை ஒரு கை பிடித்து ஆட்டிவிட்ட மாதிரி, நின்ற இடத்திலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. ஒரு பிள்ளையின் தலைகூட ஆடவில்லை. மருந்துக்கடைக்காரர், என்னம்மா வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வேன் போய் மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை பாரத்தையும் அந்த மேட்டில் ஏற்றியது, முட்டை ஓட்டின் மேல் வைத்தது போன்ற ஒரு கால்.

மத்தியானம் வேன் அண்ணன் வந்தார். வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மேடு ஏறி, கடைத்தெரு தாண்டி, பள்ளி வாசல் திரும்புகிற வரைக்கும் அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம். வேன் நின்றதும் அவரைப் பார்த்து, "அந்த மேடு எப்பப்பா வரும்?" என்று கேட்டார்களாம்.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாத்தனார் சிரிக்கவில்லை. துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டு, நீங்க பாத்தீங்கல்ல அண்ணி, ஏறும்போது புகை வந்ததா என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள்.